பலகைக்கு இந்தப் பக்கம்

ஜூலை 1

கையெழுத்து நாள். மாதத்தின் முதல் திங்கள் வந்தால் எங்கள் நன்னடத்தை அலுவலகத்துக்குத் திருவிழாதான். குற்றம் நிரூபணமாகியும் சிறைக்கு அனுப்பாமல், 'ஒழுங்காக இருப்பேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் விட்டுவைத்த பதினேழு பேர் வரிசையில் நின்று என் மேசையில் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, வாய் மோந்து, வேலை கேட்டு, வீட்டைக் கேட்டு அனுப்ப மணி இரண்டாகிவிட்டது. கொண்டுபோன தயிர்சாதம் புளித்துவிட்டது.

இருபத்தாறு வருடத்தில் நான் கற்ற வித்தை ஒன்று உண்டு. நீதிமன்றம் சொன்னதைவிட ஒரு படி கூட்டித்தான் சொல்வேன். குடிக்காதே என்று உத்தரவு இருந்தால், கடை இருக்கிற தெருவிலேயே நடக்காதே என்பேன். அப்போதுதான் பாதியாவது கேட்பார்கள். இளநிலை உதவியாளர் ரஹமத்துல்லா இதற்கு 'மேடம் சட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார். வைக்கட்டும். என் ஆட்கள் மறுபடி வழக்கில் மாட்டுவது குறைவு.

கடைசியாக வந்தவன் சென்னியப்பன். முப்பத்து மூன்று வயது, தேங்காய் உலர்களத்தில் மட்டை உரிக்கிற வேலை. போன வருடம் அக்காவை அடித்த மச்சானின் கையை மண்வெட்டிப் பிடியால் உடைத்தவன். விசாரணையில் 'அடிச்சனுங்க' என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டான். அவன் அக்காவும் கூண்டில் ஏறி, 'என் தம்பி அடித்தது நிசம்தான்' என்று சொல்லிவிட்டாள். முதல் குற்றம் என்பதால் இரண்டு வருடக் கண்காணிப்பு. அதில் பதினான்கு மாதம் முடிந்திருக்கிறது. இதுவரை ஒரு கையெழுத்து தவறவில்லை.

இன்று மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்தான்.

"ஆவணி பதினாலு முகூர்த்தமுங்க மேடம். பொண்ணு பேரு சுகந்தி. உங்களுக்குத்தானுங்க மொதப் பத்திரிகை."

"எனக்கு எதுக்கப்பா மொதப் பத்திரிகை? சாமிக்கு வெச்சியா?"

"சாமிக்கு வெச்சுப்போட்டு நேரா இங்கதானுங்க வாரேன்." கொஞ்சம் தயங்கினான். "அக்காளுக்குத் தபால்ல பத்திரிகை போடலாமுங்களா? அதுக்குத் தடை ஒண்ணுமில்லீங்களே?"

இதையும் கேட்டுச் செய்கிறான் பாருங்கள். போடு, போடு என்றேன். அவன் போன பிறகு ரஹமத்துல்லாவிடம், "பார்த்தீங்களா, ஆள்னா இப்படி இருக்கணும்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ஜூலை 7

ஞாயிறு. குக்கரில் இன்றைக்கும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். மிச்சத்தை எதிர்வீட்டு மரகதத்திடம் கொடுத்தேன். அவளும் ஒன்றும் கேட்பதில்லை. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் ரசம் சாதம் வாங்கிக்கொள்கிறாள்.

காலையில் கோவையிலிருந்து வழக்கமான செய்தி. 'சாப்டீங்களாம்மா?' திறந்தால் நீலக் குறி விழுந்துவிடும். திரையின் மேலேயே படித்துவிட்டு வைத்துவிட்டேன். அது வேறு விஷயம்.

மதியம் மகள் தேன்மொழியின் அறையைத் துடைத்தேன். பூட்டியே கிடந்தால் பல்லி சேர்கிறது.

ஜூலை 16

வீட்டு ஆய்வு. ஆடி பிறக்கும் முன்னால் சென்னியப்பன் வீட்டைப் பார்த்துவிடலாம் என்று ஓலக்காட்டுப்புதூருக்குப் பேருந்தில் போனேன். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு போக மாட்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் முதியோர் உதவித்தொகை விஷயமாக வந்திருக்கிறேன் என்பேன். போன முறை ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தான். சுவரில் இருந்த ஒரே புகைப்படத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி ஏழு வயதுப் பையனை இடுப்பில் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"அக்காளுங்க. அம்மா போனப்பறம் எனக்குச் சோறு போட்டது, பள்ளிக்கோடம் தொரத்துனது எல்லாம் அவதானுங்க."

"பேசிக்கறீங்களா இப்ப?"

"இல்லீங்க. கோர்ட்டுல எனக்கு எதிரா சொல்லிப்போட்டமேன்னு அவளுக்கு ஒரு கூச்சமாட்ட. போன் போட்டா எடுக்கறதில்லைங்க. நேர்ல போனா சரியாயிரும். அதான் நீங்க சொல்லியிருக்கீங்கல்லங்க, அந்த ஊரு எல்லையிலயே கால் வெக்கக் கூடாதுன்னு."

பொங்கலுக்கு அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய சீரை எடுத்துக்கொண்டு அவள் ஊரான பூசாரிவலசு வரை போயிருக்கிறான். ஊர்ப் பெயர்ப்பலகைக்கு இந்தப் பக்கமே நின்று, டீக்கடைக்காரரிடம் மூட்டையைக் கொடுத்தனுப்பினானாம். மூட்டை திரும்பி வந்துவிட்டது. மார்கழியில் அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்து வீட்டில் படுத்திருந்தபோதும் போயிருக்கிறான். மூன்று நாள், தினமும் சாயங்காலம். பலகைக்கு இந்தப் பக்கம்.

"பலகையத் தாண்டலைங்க மேடம். சத்தியமா."

நான் சந்தேகப்பட்டதாக நினைத்துவிட்டான் போல. பதிவேட்டில், 'நிபந்தனைகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார். திருப்தி' என்று எழுதினேன். கிளம்பும்போது வெயிலுக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தான். இளநீருக்குக் காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றான், வழியில் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன்.

ஜூலை 24

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்பவர் நாளை வருவதாக மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்.

மரகதம் வந்து, "தெருமுனை மருந்துக்கடையில உங்க பொண்ணாட்ட ஒருத்தி நின்னுட்டிருந்தாளுங்க. மாசமா இருக்கா. கூப்பிட்டேன், காதுல விழாத மாதிரி பஸ் ஏறிட்டா" என்றாள். யாரையோ பார்த்திருப்பாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 5

கையெழுத்து நாள். சென்னியப்பன் முகம் சரியில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவன் என் முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

தபாலில் போன பத்திரிகைக்கு அக்கா மயிலாத்தாளிடமிருந்து உறவுக்காரர் மூலமாகப் பதில் வந்திருக்கிறது. 'கூடப் பொறந்தவன் நேர்ல வந்து வெத்தலபாக்கு வெச்சுக் கூப்பிடோணும். தபால்ல வார பத்திரிகைக்கு வாரதுக்கு நான் என்ன எல்ஐசி ஆபீசா?' நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது.

இங்கே கல்யாணத்தில் தாலி கட்டும் முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவனுடைய சகோதரியும் கூறைச்சேலையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சொந்த அக்கா வராவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் யாராவது பிடிக்கலாம். அது ஊரில் நடப்பதுதான். இவன் மாட்டேன் என்கிறான்.

"அக்கா இருக்கறப்ப இன்னொருத்தர் கையில எப்பிடீங்க குடுக்கறது? கல்யாணத்தத் தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்லிப்போட்டேன். இன்னும் ஒம்பது மாசந்தானுங்களே. கண்காணிப்பு முடிஞ்சதும் நேர்ல போயிக் கூப்புட்டுக்கறேன்."

"பொண்ணு வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

"தள்ளி வெச்சா வேற எடம் பாத்துக்கறோம்னு சொல்லீட்டாங்க." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சுகந்தி அழுவுதுங்க."

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மடையன். கோபம் கோபமாக வந்தது. அக்காவைக் கூப்பிடப் போகிற ஒரு நாளைக்கு நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி நானே நீதிமன்றத்துக்கு மனுப் போடுகிறேன், கல்யாணத்தைத் தள்ளாதே என்று சொல்லி அனுப்பினேன். கும்பிட்டான். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஆகஸ்ட் 7

மனு எழுதத் தீர்ப்பு நகல் வேண்டும் என்றேன். ரஹமத்துல்லா கோப்பை எடுத்து வந்தார். எந்த நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்று எண் போட்டுக் குறிப்பிட வேண்டுமே என்று படித்தேன்.

ஒன்று, மாதம் ஒருமுறை அலுவலர் முன் ஆஜராக வேண்டும். இரண்டு, அனுமதியின்றி இருப்பிடம் மாற்றக் கூடாது. மூன்று, காயம்பட்டவரிடம் தகராறு செய்யவோ மிரட்டவோ கூடாது.

நான்கு இல்லை.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். வேறு கோப்பில் மாறியிருக்குமோ என்று அலமாரியைக் குடைந்தேன். ரஹமத்துல்லாவைத் தேடச் சொன்னேன். அவர் தேடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "மேடம், ஊர் எல்லையில கால் வைக்காதேன்னு கோர்ட் சொல்லலை. அது நீங்க சொன்னது" என்றார்.

ஆகஸ்ட் 8

தலைவலி. விடுப்பு.

ஆகஸ்ட் 9

யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதில் பெரிய தவறில்லை. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தெருவில் நிற்காமல் இருந்ததுதான் இந்தப் பதினைந்து மாத அமைதிக்குக் காரணம். வேறு எந்த அலுவலரும் இதையேதான் சொல்லியிருப்பார். பாதியைத்தான் கேட்பார்கள் என்று நினைத்துத்தானே முழுதாகச் சொல்கிறோம். இவன் முழுதையும் கேட்டதற்கு நான் என்ன செய்ய?

மூன்று சாயங்காலம் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறான்.

ரஹமத்துல்லா ஒரு வழி சொன்னார். "நீதிமன்றம் அனுமதி குடுத்திருச்சுன்னு சொல்லிடுங்க மேடம். அவன் சந்தோசமாப் போயிடுவான். யாருக்கும் ஒண்ணும் தெரியாது." பிள்ளை நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அரை மணி நேரம் எனக்கும் அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 12

உலர்களத்துக்குப் போனேன். பாறை பிளக்கிற வெயில். காயப் பரப்பின தேங்காய்ப் பருப்புக்கு நடுவே சென்னியப்பன் குத்துக்கம்பியில் மட்டை உரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கைலியை இறக்கிவிட்டு ஓடிவந்தான். மனுவுக்கு உத்தரவு வந்துவிட்டதா என்றான்.

மனுவே போடவில்லை, போடத் தேவையில்லை என்றேன். அப்படித் தடை எதுவும் தீர்ப்பில் இல்லை, நான்தான் கூட்டிச் சொன்னேன் என்றேன். எல்லோருக்கும் அப்படிச் சொல்வது என் பழக்கம் என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே கேட்கச் சகிக்கவில்லை. "உன்னை உன் அக்காகிட்ட இருந்து பிரிச்சு வெச்சது கோர்ட் இல்லப்பா. நான்தான்."

கையில் இருந்த தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப, அவ படுத்திருந்தப்ப நான் போயிருக்கலாமுங்களா?"

"போயிருக்கலாம்."

முகத்தைத் துண்டால் துடைத்தான். வியர்வை என்று நினைத்துக்கொள்ளலாம். நானும் அப்படியே நினைத்துக்கொண்டு தென்னந்தோப்பைப் பார்த்தேன். கடைசியில் அவனே, "போச்சாதுங்க மேடம், விடுங்க. எனக்கு நல்லதுன்னுதான சொன்னீங்க" என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறான்! இருபத்தாறு வருடத்தில் என்னை இப்படி யாரும் அடித்ததில்லை.

ஆடி முடிந்ததும் போ என்றேன். தலையாட்டினான். பிறகு, "நீங்களும் வாரீங்களா? நான் சொன்னா அவ நம்ப மாட்டா. வாரதுக்கு இஷ்டமில்லாம கோர்ட்டு மேல பழியப் போடறேம்பா" என்றான்.

ஆகஸ்ட் 18

ஞாயிறு. ஆவணி இரண்டாம் நாள். விடிந்ததும் கோவைச் செய்தி வந்தது. திறக்காமலேயே படித்தேன். வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பூசாரிவலசுப் பிரிவில் பேருந்தை விட்டு இறங்கி நடந்தோம். சென்னியப்பன் புது வேட்டி. கையில் மஞ்சள் பையில் பத்திரிகை, வெற்றிலை, பாக்கு, பழம். பச்சைப் பெயர்ப்பலகை வந்தது. நான் பேசிக்கொண்டே தாண்டிவிட்டேன். பக்கத்தில் பதில் வராமல் திரும்பிப் பார்த்தால், பலகைக்கு அந்தப் பக்கமே நிற்கிறான்.

வேண்டுமென்று நிற்கவில்லை. கால் நின்றுவிட்டது. அவனே தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சட்டம், தீர்ப்பு, நிபந்தனை என்று என்னென்னவோ வாயில் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "வா" என்றேன்.

வந்தான்.

மயிலாத்தாள் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். புகைப்படத்தில் இருந்த அதே நெற்றி. தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முறத்தைக் கீழே வைக்கவில்லை. நான் யார் என்று சொன்னேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தபாலில் பத்திரிகை வந்தது அவன் திமிரால் இல்லை, பொங்கலுக்கு வராதது கோபத்தால் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது.

முறம் அப்படியே நின்றது.

"ஏனுங்க மேடம், நான் வயித்தக் கிழிச்சுப் படுத்துக் கெடந்தேன். வாசல்ல நாய் வந்தாக்கூட இவன்தான்னு தலையத் தூக்கிப் பாத்தேன். சாட்சி சொன்னதுக்கு என்னைய ஒதுக்கிப்போட்டான்னு நெனச்சு, போனைக்கூட எடுக்காம இருந்தேன். இவனானா அங்க பலகைக்கிட்ட நின்னுட்டிருந்திருக்கான்! இதுக்கு நீங்க ஒரு வார்த்த தப்புன்னு சொன்னாப் பத்துமுங்களா?"

"பத்தாது" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கோபம் முழுவதும் தம்பி மேல் திரும்பியது. "அவிங்க சொன்னா உனக்குப் புத்தி எங்கடா போச்சு? எல்லாத்துக்கும் மண்டைய மண்டைய ஆட்டு! சின்னதுல கிணத்துப் பக்கம் போகாதேன்னேன், பத்து வருசம் கொடத்துத் தண்ணியிலயே குளிச்சவன்தானுங்க இவன்!" என்று திட்டிக்கொண்டே வந்தவள், அவன் வேட்டியில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். பிடுங்கிக்கொண்டே அழுதாள். அவனும் அழுதான். நான் சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோளம் சரியாகத் தெரியவில்லை.

மச்சான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "மச்சானையும் கூப்பிடு" என்றாள் மயிலாத்தாள். என்னிடம், "இப்பக் கை நீட்டறதில்லைங்க. இன்னொருக்கா ஓங்குனா நானே ஸ்டேசனுக்குப் போவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள், அவர் காதில் விழும்படியே. அவர் இருமினார். சென்னியப்பன் இருவருக்கும் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டான்.

"நீங்க உக்காருங்க, காப்பி வெக்கறேன்" என்றாள் என்னிடம். கண்காணிப்பில் இருப்பவர் குடும்பத்தில் கை நனைப்பதில்லை என்பது என் விதி. அதுவும் எந்தத் தீர்ப்பிலும் இல்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆகஸ்ட் 23

'வாய்மொழியாகக் கூடுதல் நிபந்தனை விதித்தது என் தவறு' என்று கோப்பில் நானே எழுதி மேலே அனுப்பியிருந்தேன். இன்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. "சும்மா இருந்திருக்கலாமில்ல மேடம்?" என்று ரஹமத்துல்லா தலையில் கை வைத்துக்கொண்டார். மற்ற பதினாறு பேருடைய தீர்ப்புகளையும் எடுத்து வரச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் உள்ளதை உள்ளபடி படித்துச் சொல்ல வேண்டும். ஒருவன் என்னால் இரண்டு தெரு சுற்றி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

குழாய் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 30

விடியற்காலை 'வீட்டு ஆய்வு'. மண்டபத்தில் ஆய்வு செய்யக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இணைச்சீருக்கு மயிலாத்தாள் மாம்பழ நிறப் பட்டில் வந்து நின்றாள். கூறைச்சேலையின் ஒரு முனை தம்பி கையில், மறு முனை அவள் கையில். சீர் செய்து வைக்கிற பெரியவர் போதும் விடம்மா என்ற பிறகும் அவள் விடவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சுகந்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பெண்.

சென்னியப்பன் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். யாரோ, "அந்தம்மா யாரு?" என்று கேட்டதற்கு மயிலாத்தாள், "நம்ம ஒறம்பரைதான்" என்றாள். இந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

பதிவேட்டில்: 'குடும்பச் சூழல் திருப்தி.' அதற்கு மேல் எழுதக் கட்டம் இல்லை.

செப்டம்பர் 1

ஞாயிறு. குக்கரில் இரண்டு பேருக்கு அரிசி போட்டேன். தெரிந்தேதான் போட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் நின்று, 'அவனைக் கட்டிக்கிட்டா இந்த வாசப்படி மிதிக்காதே' என்று சொன்னேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்ல நினைத்தேன். ஒரு படி கூட்டிச் சொன்னேன். பாதியாவது கேட்பாள் என்று. தேன்மொழி என் பெண். சின்ன வயதிலிருந்தே சொன்னதை முழுதாகக் கேட்கிற பெண். மருந்துக்கடை வரைக்கும் வந்திருக்கிறாள். தெருமுனை வரைக்கும். மரகதத்தின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

எட்டரைக்குச் செய்தி வந்தது. 'சாப்டீங்களாம்மா?' திறந்தேன். நீலக் குறி விழுந்தது. அந்தப் பக்கம் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், நான் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "அம்மா?" என்றாள். மூச்சு வாங்கியது. எத்தனையாவது மாதம், மருத்துவர் யார், மாப்பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாரா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நூறு கேள்வி தொண்டைக்கு வந்தது.

"வா" என்றேன்.

கூடுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.